தீவில் மட்டும் ஏன் அடிக்கடி மின்சாரம் போகிறது?

பள்ளி விடுமுறைக்குத் தீவுப் பயணம் போய்த் திரும்பும் சிங்கப்பூர்க் குடும்பங்களிடம் பேச்சுக் கொடுத்தால், கடலையும் மீனையும் புகழ்ந்த கையோடு ஒரு புகாரும் வரும்: "ராத்திரியானால் மின்சாரம் போய்ப் போய் வருகிறது." காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். மின்சாரம் போதவில்லை, நிர்வாகம் சரியில்லை. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் எரிபொருள் தொட்டி நிரம்பியிருந்து, இயந்திரங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருந்து, பொறியாளரும் விழித்திருந்தாலும் சிறிய தீவில் விளக்கு அணையும். அந்தக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. சிங்கப்பூரும் தீவுதான், இங்கும் சுற்றுலாப் பயணிகள் வந்து குவிகிறார்கள் என்பதால், நமக்கு அது இன்னும் சுவாரசியமான கேள்வி.

சிங்கப்பூரைச் சேர்ந்த சிறு தீவான புலாவ் உபினில் மின்கட்டமைப்பு வருவதற்கு முன்பு, படகுத்துறையை ஒட்டிய கடைகள் சொந்த டீசல் ஜெனரேட்டர்களை நம்பித்தான் இருந்தன. அப்படி ஒரு ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசர் இயங்கத் தொடங்கும் நொடியில் எஞ்சினின் உறுமல் ஒரு சுருதி இறங்கும். கூரையில் தொங்கும் குண்டு பல்பு மங்கும். ஓரிரு நொடி கழித்து எஞ்சின் கூடுதல் டீசலைக் குடித்துக்கொண்டு பழைய குரலுக்குத் திரும்பும். காதில் விழும் அந்தச் சுருதி இறக்கம்தான் இந்தக் கட்டுரையின் மொத்த விஷயமும்.

மின்கம்பிகளில் மின்சாரம் சேமிக்கப்படுவதில்லை. இந்த நொடி செலவாவதை இந்த நொடியே உற்பத்தி செய்தாக வேண்டும். சிங்கப்பூரிலும் இந்தோனீசியாவிலும் தாய்லாந்திலும் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைகிறது. இதையே 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் என்கிறோம். ஜெனரேட்டர்கள் ஒத்திசைந்து ஒரே வேகத்தில் சுழல்வதால் கிடைக்கும் எண் அது. செலவு கூடியதும் அந்தக் கூடுதல் ஆற்றல் முதலில் வருவது சுழலும் இரும்புச் சுழலிகளின் வேகத்திலிருந்துதான். அவற்றின் வேகம் குறைகிறது, அதிர்வெண் இறங்குகிறது. பிறகுதான் எஞ்சினுக்கு எரிபொருள் கூட்டும் கருவி விழித்துக்கொள்கிறது.

ஊர் கூடித் தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளலாம். ஆயிரம் பேர் வடம் பிடித்திருக்கையில் ஒருவர் கையை விட்டால் தேருக்குத் தெரியவே தெரியாது. ஐந்து பேர் இழுக்கும் சிறு சப்பரத்தில் ஒருவர் விட்டால் அந்தக் கணமே அது தள்ளாடும். மீதி நால்வருக்கும் தெம்பு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. சுதாரித்துக்கொள்ள நேரம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 40 மெகாவாட் செலவாகும் ஒரு தீவைக் கற்பனை செய்துகொள்வோம். தலா 10 மெகாவாட் திறனுள்ள ஐந்து டீசல் ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றும் 8 மெகாவாட் தந்துகொண்டிருக்கின்றன. ஒன்று திடீரென நின்றுவிடுகிறது. மீதி நான்கிலும் தலா 2 மெகாவாட் மிச்சத் திறன் இருப்பதால், இழந்த 8 மெகாவாட்டைத் தாளில் அப்படியே ஈடுகட்டிவிடலாம். ஆனால் அந்த நான்கின் சுழலிகளிலும் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் 120 மெகாஜூல் அளவில்தான் இருக்கும். ஒரு மெகாவாட் என்பது நொடிக்கு ஒரு மெகாஜூல். அதிலிருந்து நொடிக்கு 8 மெகாஜூல் உருவப்பட்டால், அதிர்வெண் நொடிக்கு ஒன்றரை ஹெர்ட்ஸுக்கும் அதிகமான வேகத்தில் சரியும். 50-லிருந்து 49-க்கு இறங்க 0.6 நொடி போதும். டீசல் எஞ்சின் முழு வேகம் பிடிக்க அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். சக்தி இருக்கிறது, அவகாசம் இல்லை.

இதே கணக்கைச் சிங்கப்பூருக்குப் போடலாம். உச்சநேரத் தேவை ஏறத்தாழ 8,000 மெகாவாட். 400 மெகாவாட் தரும் ஒரு பெரிய அலகு நின்றாலும் இழப்பு 5 விழுக்காடுதான். கற்பனைத் தீவிலோ 20 விழுக்காடு. இங்கே பிரம்மாண்டமான சுழலிகள் நிறையச் சுழல்வதால் சரிவின் வேகமும் தோராயமாக ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. 49 ஹெர்ட்ஸைத் தொட மூன்று நான்கு நொடிகள் ஆகும். அந்த மூன்று நான்கு நொடிக்குள் மற்ற நிலையங்கள் முட்டுக்கொடுத்துவிடும். இதற்கென்றே எப்போதும் சில இயந்திரங்கள் முழுத் திறனில் ஓடாமல் காத்திருப்பில் வைக்கப்படுகின்றன. அந்தக் காத்திருப்புக்குக் காசு உண்டு. மின்கட்டணத்தில் அதையும் சேர்த்துத்தான் நாம் கட்டுகிறோம்.

சரி, அதிர்வெண் இறங்கினால்தான் என்ன? சற்று மெதுவாக ஓடிவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். பெரிய நிலையங்களில் ஜெனரேட்டரைச் சுழற்றும் விசையாழியின் (டர்பைன்) தகடுகள் குறிப்பிட்ட வேகத்துக்கென வடிவமைக்கப்பட்டவை. வேறு வேகத்தில் தொடர்ந்து ஓடினால் அதிர்ந்து விரிசல் காணும். அதனால் ஒவ்வொரு ஜெனரேட்டரிலும் அதிர்வெண் அளவுக்கு மீறிக் குறைந்தால் தன்னைத் தானே துண்டித்துக்கொள்ளும் காப்பு இருக்கிறது. ஒன்று விலகினால் மற்றவற்றின் பாரம் கூடும், அதிர்வெண் மேலும் சரியும், அடுத்தது விலகும். சில நொடிகளில் தீவு முழுவதும் இருட்டு. ஒன்றுமே ஓடாத நிலையிலிருந்து மறுபடியும் ஒவ்வொன்றாக எழுப்பி ஒத்திசைக்கப் பல மணி நேரம் ஆகும்.

அந்த நிலைக்கு வராமல் தடுக்கத்தான் துணைமின் நிலையங்களில் அதிர்வெண்ணை அளந்துகொண்டே இருக்கும் ரிலே கருவிகள் வைக்கப்பட்டுள்ளன. எல்லை தாண்டியதும், முன்பே எழுதிவைத்த வரிசைப்படி சில பகுதிகளைக் கத்தரித்துவிடும். மருத்துவமனைகளும் நீரேற்று நிலையங்களும் பெரும்பாலும் அந்த வரிசையின் கடைசியில் இருக்கும், அல்லது அதில் சேர்க்கப்பட்டே இருக்காது. ஆக, பல நேரங்களில் விடுதி அறையில் விளக்கு அணைவது, மற்ற தெருக்களைக் காப்பாற்ற ஒரு கருவி எடுத்த முடிவு. இரவு முழுவதும் இருட்டில் கிடப்பதற்குப் பதில் அரை மணி நேரம் இருட்டில் கிடக்கிறோம்.

இது சிங்கப்பூரிலும் நடந்திருக்கிறது. 2018 செப்டம்பர் 18 அதிகாலை 1.18 மணிக்கு மின் உற்பத்தி நிலையங்களில் ஏற்பட்ட கோளாறால் ஏறத்தாழ 147,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் தடைப்பட்டது. 38 நிமிடங்களில் எல்லாருக்கும் திரும்பியது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் மின்விசிறி நின்று புழுக்கத்தில் கண்விழித்தவர்கள் அடுத்த நாள் முழுவதும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். 38 நிமிடம் செய்தியாகும் ஊரில் வாழ்கிறோம் என்பது வேறு விஷயம்.

இப்போது சுற்றுலாவுக்கு வருவோம். மீனவர் தீவாக இருந்தவரை அங்கே மாலையில் சில விளக்குகளும் தொலைக்காட்சிகளும் எரிந்தன. விடுதிகள் வந்ததும் தேவை அளவில் மட்டுமல்ல, குணத்திலும் மாறுகிறது. சூரியன் மறைந்ததும் விருந்தினர்கள் கடற்கரையிலிருந்து ஒன்றாகத் திரும்புகிறார்கள். ஒரே அரை மணி நேரத்தில் எல்லா அறைகளிலும் வெந்நீர்க் கருவியும் குளிர்சாதனமும் இயங்கத் தொடங்குகின்றன. சமையலறைகளும் அப்போதுதான் சூடுபிடிக்கின்றன. குளிர்சாதனத்தில் இருப்பது மோட்டார். நேரடியாகக் கிளப்பப்படும் மோட்டார் புறப்படும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். நீண்ட கம்பியின் கடைக்கோடியில் இருக்கும் கிராமத்தில் அப்போது மின்னழுத்தம் துவண்டுவிடும். மின்னழுத்தம் குறைந்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்கள் அதே வேலையைச் செய்ய இன்னும் அதிக மின்னோட்டத்தைக் கேட்கும். டிரான்ஸ்ஃபார்மர் சூடேறி, அதைக் காக்கும் ஃபியூஸ் எரிந்துபோகும். கையில் காசுள்ள விடுதி தன் ஜெனரேட்டரைப் போட்டுக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் மெழுகுவர்த்தியைத் தேடுவார். இந்தச் சொந்த ஜெனரேட்டர்தான் தீவின் மின்கட்டமைப்புக்குப் பெரிய எதிரி என்பது என் எண்ணம். குரல் கொடுத்தால் எடுபடக்கூடியவர்களுக்கு இருட்டே தெரிவதில்லை.

தேவை பெருகியதும் பல தீவுகள் தேடும் வழி, பெருநிலத்திலிருந்து கடலடிக் கேபிள். சப்பரத்தைப் பெரிய தேரோடு கட்டிவிட்டது போல அதிர்வெண் சிக்கல் அன்றோடு அடங்கிவிடும். ஆனால் இப்போது தீவின் உயிர் ஒரு கேபிளில் தொங்குகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸான்ஸிபார் தீவு தான்சானியப் பெருநிலத்திலிருந்து வரும் இணைப்பை நம்பியிருந்தது. 2008 மே மாதம் அது பழுதானபோது ஏறத்தாழ ஒரு மாதமும், 2009 டிசம்பரில் மறுபடி பழுதானபோது ஏறத்தாழ மூன்று மாதமும் மின்சாரம் இல்லை. 100 மெகாவாட் திறனுள்ள புதிய கேபிள் 2013-இல்தான் வந்தது. தாய்லாந்தின் கோ சாமுய் தீவு 2012 டிசம்பரில், சுற்றுலா உச்சத்தில் இருந்தபோது, கடலடிக் கேபிள் கோளாறால் நாள்கணக்கில் இருண்டது. 2025 மே 2 பிற்பகலில் பாலித் தீவு முழுவதும் மின்சாரம் இழந்தது. முழுமையாகத் திரும்ப மறுநாள் அதிகாலை ஆகிவிட்டது.

ஒன்றுக்கு இரண்டாகக் கேபிள் போட்டால் தீர்ந்தது என்று நினைப்போம். வளரும் தீவை ஏமாற்றுவது அந்த நினைப்புதான். தலா 100 மெகாவாட் சுமக்கும் இரண்டு கேபிள்கள். தீவின் தேவை 90. ஒன்று அறுந்தாலும் கவலையில்லை. ஒவ்வொரு கேபிளும் ஆண்டில் 1 விழுக்காடு நேரம் பழுதாகிக் கிடக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் ஒரே நேரத்தில் படுத்துவிடுவது சராசரியாக ஆண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. புது விடுதிகள் வந்து தேவை 130 ஆகிறது. இப்போது இரண்டில் எது பழுதானாலும் மின்வெட்டுதான். அதே கேபிள்கள், அதே பராமரிப்பு. பற்றாக்குறை நேரம் மட்டும் ஆண்டுக்கு ஏழு நாளைத் தாண்டிவிடும். தேவை 100-ஐக் கடந்த அந்த நாளில் ஒரு விளக்குகூடச் சிமிட்டியிருக்காது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. விடுதியை இரண்டு ஆண்டுகளில் எழுப்பிவிடலாம். கடலடிக் கேபிளுக்குத் திட்டமிட்டு, நிதி தேடி, கடல்தளத்தை ஆய்ந்து, கேபிளைச் செய்து, கப்பல் பிடித்துப் பதிப்பதற்குள் அதைவிட நெடுங்காலம் ஓடிவிடும்.

பழுதைக் கண்டுபிடிக்கும் முறை மட்டும் மிக நேர்த்தியானது. கரையிலிருந்து கேபிளுக்குள் ஒரு மின்துடிப்பை அனுப்புகிறார்கள். கேபிளுக்குள் அது நொடிக்கு ஏறத்தாழ 170,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, பழுதான இடத்தில் மோதித் திரும்புகிறது. போய்வர 235 மைக்ரோநொடி ஆனால் பழுது 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இடம் தெரிந்த பிறகுதான் பாடு. அதற்கென்று வடிவமைத்த கப்பல் வேண்டும், அமைதியான கடல் வேண்டும். கேபிளை மேலே தூக்கி, நீர் புகுந்த பகுதியை வெட்டியெறிந்து, புது நீளத்தை இரண்டு முனையிலும் இணைத்து இறக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆவது வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி ஏதோ ஒரு கப்பலின் நங்கூரம் அல்லது மீன்பிடி வலை.

எல்லா மின்தடையும் இவ்வளவு பெரிய கதை அல்ல. விளக்கு ஒரு நொடி அணைந்து தானே எரிந்தால், தென்னை மட்டையோ ஈரமான கிளையோ மேல்நிலைக் கம்பியைத் தொட்டிருக்கும். தானியங்கிச் சுவிட்ச் ஒன்று துண்டித்துப் பார்த்து மறுபடி இணைத்திருக்கும். கடற்கரையோரம் இன்னொரு தொல்லை, உப்பு. கம்பத்திலுள்ள பீங்கான் காப்பான்களில் கடற்காற்று உப்பைப் படியவைக்கும். பெருமழை அதைக் கழுவிவிடும். தூறல் கழுவாது, நனைக்க மட்டும் செய்யும். உப்பு நனைந்தால் மின்கடத்தி. சிங்கப்பூரில் கம்பிகள் மண்ணுக்கடியில் கிடப்பதால் இந்த வகைத் தடையை நாம் ஏறக்குறைய மறந்தே போனோம்.

சூரிய ஒளித் தகடுகள் வந்தால் எல்லாம் சரியாகுமா? நண்பகலில் டீசல் மிச்சமாகும். ஆனால் தகட்டில் சுழலும் இரும்பு இல்லை. தீவின் உச்சத் தேவையோ இருட்டிய பிறகு வருகிறது. உண்மையான உதவி மின்கலத்திடமிருந்து கிடைக்கிறது. டீசல் எஞ்சினுக்கு நொடிகள் தேவைப்படும் இடத்தில் மின்கலம் மில்லிநொடிகளில் முழுத் திறனையும் கொட்டிவிடும். மேலே போட்ட 0.6 நொடிக் கணக்கை மாற்றக்கூடிய கருவி இதுதான். 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் 285 மெகாவாட்-மணி கொள்ளளவுள்ள மின்கல நிலையம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. உபினில் சூரிய ஒளியையும் பயோடீசலையும் இணைக்கும் சிறுகட்டமைப்பு ஒன்றை 2013-இல் சோதிக்கத் தொடங்கினார்கள்.

கடைசியாக, விருந்தினரை அதிகம் எரிச்சலூட்டும் நிகழ்வு: போன மின்சாரம் வந்து, இரண்டே நிமிடத்தில் மறுபடி போவது. வழக்கமான மாலையில் நூறு குளிர்சாதனங்கள் போட்டிருந்தாலும் நூறின் கம்ப்ரசரும் ஒரே நேரத்தில் ஓடாது. குளிர்ந்த அறைகளில் அது ஓய்வெடுக்கும், முறைவைத்து ஓடும். ஒரு மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் எல்லா அறைகளும் சூடாகிவிடும். மின்சாரம் திரும்பும் கணத்தில் நூறும் ஒன்றாகக் கிளம்பும். தடைக்கு முன்பிருந்த பாரத்தைப்போல் இருமடங்குகூட அந்தக் கம்பியில் ஏறலாம். காப்புக் கருவி மறுபடி கத்தரித்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ள பொறியாளர் ஊரை ஒரேயடியாக எழுப்புவதில்லை. ஒரு தெருவுக்கு மின்சாரம் கொடுத்து, அதிர்வெண் நிலைகொள்ளும்வரை காத்திருந்து, அடுத்த தெருவுக்குப் போகிறார். அந்த நேரத்தில் விருந்தினர் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. மின்சாரம் போனதும் குளிர்சாதனத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு, திரும்பி வந்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் போடலாம்.