"பார்த்துக்கலாம்" என்று நான் போட்ட பதில்

சில வருடங்களுக்கு முன் எங்கள் ப்ராடக்ட் டீம் ஒரு புதிய பதிவுப் படிவத்தை ரிலீஸ் செய்தது. மறுநாளே பதிவை முடிப்பவர்களின் எண்ணிக்கை சரிந்தது. மூன்று நாள் தேடிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. சின்னத் திரை போன்களில் கீபோர்டு மேலெழும்போது 'தொடர்க' பட்டன் அதற்கு அடியில் மறைந்துவிடுகிறது. மென்பொருள் பிழை (பக்) என்று பார்த்தால் அவ்வளவுதான். என்னை உலுக்கியது வேறு. எங்கள் டெஸ்டர் பத்து நாள் முன்பே இதைச் சாட்டில் எழுதியிருந்தார், அதற்குக் கீழே "பார்த்துக்கலாம்" என்று பதில் போட்டிருந்தது நான். ரிலீஸுக்கு முந்தைய கூட்டத்தில் "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டபோதும் அவர் அங்கேதான் இருந்தார், வாயைத் திறக்கவில்லை.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒரு தடவை சொல்லிட்டேன். திரும்பச் சொன்னா, எப்பவும் வேலையை நிறுத்துற ஆளுன்னு பேர் வந்துடும்" என்றார்.

எல்லோரையும் பேசவிடுவது ஏதோ நல்ல மனசுக்காகச் செய்கிற காரியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது தப்பு. எங்கே இடிக்கிறது என்று முதலில் தெரிவது டெஸ்டருக்கு, புகார் கேட்கும் சப்போர்ட் ஆளுக்கு, போன மாதம் சேர்ந்தவருக்கு. அவர்கள் மௌனமாக இருந்தால் தலைவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் முடிவெடுக்கிறார்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் வந்ததோ அதிகம். அந்தக் குழுக்கள் தவறுகளை மறைக்காமல் பேசின, அதனால்தான் எண்ணிக்கை கூடியது. 2012இல் கூகுள் தன் டீம்களை ஆராயத் தொடங்கியபோதும், யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட பயமில்லாமல் பேச முடிகிறதா என்பதே பெரிதாக நின்றது.

அப்புறம் நான் "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் மௌனம்தான் பதிலாக வருகிறது. இப்போது இரண்டு நிமிடம் எல்லோரும் எழுதுகிறோம், புதியவர் முதலில் படிக்கிறார், நான் கடைசியில். பெரிய ரிலீஸ் என்றால் உளவியலாளர் கேரி க்ளைன் சொன்ன ப்ரீமார்ட்டம் முறை, அதாவது தோல்வியை முன்கூட்டியே கற்பனை செய்து காரணம் தேடுவது: "மூன்று மாதம் ஆகிவிட்டது, இது படுதோல்வி, ஏன் தோற்றது என்று எழுதுங்கள்." சந்தேகப்படுவதே வேலையாகிவிடும்போது, குறை சொல்கிறவர் என்ற பேர் யாருக்கும் வராது.

அதிகாரம் கொடுப்பதில்தான் நான் அதிகம் சறுக்கினேன். "நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, எடுத்த முடிவை நாமே மாற்றுவது, கொடுக்காமல் இருப்பதைவிட மோசம், அடுத்த தடவை யாரும் முடிவெடுக்க வரமாட்டார்கள். எனவே எல்லையை முன்பே சொல்லிவிடுகிறோம்: திரும்பப் பெறக்கூடிய முடிவென்றால் நீங்களே எடுங்கள், எனக்கு அப்புறம் சொன்னால் போதும், பயனாளர் தரவை அழிப்பது மாதிரி திரும்ப முடியாதது என்றால் சேர்ந்து பேசுவோம். கூடவே, ரிலீஸை நிறுத்தும் உரிமை டீமில் யாருக்கும் உண்டு. டொயோட்டா ஆலையில் தொழிலாளி பிரச்சினையைக் கண்டு 'ஆண்டன்' என்ற எச்சரிக்கைக் கயிற்றை இழுத்தால் டீம் லீடர் உதவிக்கு வருவார், தீரவில்லையென்றால் உற்பத்தி லைனே நிற்கும். அந்த யோசனைதான்.

முதல் தடவை ஒருவர் ரிலீஸை நிறுத்தினார். அரை நாள் பார்த்தோம், பிரச்சினையே இல்லை. மொத்த டீமும் என் முகத்தைப் பார்த்தது. எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. ஆனாலும் எல்லோர் முன்பாகவும் அவருக்கு நன்றி சொன்னேன், ஏனென்றால் அந்த நிமிடம் முகம் சுளித்திருந்தால் அந்த விதி அன்றே செத்திருக்கும். இரண்டு மாதம் கழித்து வேறொருவர் நிறுத்தினார். அது உண்மையான பிரச்சினை.

தோல்வி வந்தபின் என்ன செய்வது? புரோகிராமர்கள் கோடைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்ததை நான் புதியவர்களுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. ஒரு பொறியாளர் வேறொரு சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸையே அழித்தார். சுமார் 6 மணி நேரத் தரவு போய்விட்டது. "யார் செய்தது" என்று மட்டும் கேட்டிருந்தால் ஒரு பெயர் கிடைத்திருக்கும், அதோடு கதை முடிந்திருக்கும். அவர்கள் தோண்டிப் பார்த்தார்கள். வழக்கமான பேக்அப் சரியாக ஓடவே இல்லை, தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. இதையெல்லாம் பொதுவெளியிலேயே எழுதினார்கள், பழியை அந்த ஒருவர்மேல் போடவில்லை.

எங்கள் கூட்டங்களிலும் "அந்த நேரத்தில் அது ஏன் சரியென்று பட்டது?" என்றுதான் ஆரம்பிக்கிறோம். இதற்காக யாரும் பொறுப்பில்லாமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை, தெரிந்தே மறைப்பது வேறு விஷயம். கற்றுக்கொண்டதாக எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆளும் ஒரு தேதியும் வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆவணத்தை யாரும் மறுபடி திறக்கமாட்டார்கள்.

"பார்த்துக்கலாம்" என்று இப்போது நான் யாருக்கும் பதில் போடுவதில்லை. என்றைக்குள் பார்ப்பேன் என்று தேதி சொல்கிறேன், அல்லது "இதைச் செய்யப்போவதில்லை, காரணம் இது" என்று எழுதுகிறேன். இரண்டாவது பதிலுக்கு அந்த டெஸ்டர் போன வாரம் மறுப்பு எழுதியிருந்தார், மூன்று ஸ்கிரீன்ஷாட்டோடு.