கொண்டை ஊசி வளைவில் இரட்டை மோட்டார்

முன் சக்கரத்தில் ஒன்று, பின் சக்கரத்தில் ஒன்று என சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டார் இரண்டு மாட்டிய சைக்கிளைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு ஸ்பீடு போகும்?" ஒரு மோட்டாருக்கு 40 கிலோமீட்டர் என்றால் இரண்டுக்கு 80 என்பது அவர்கள் மனக்கணக்கு. அப்படிப் போகாது. அதே 40-ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அப்புறம் எதற்கு இரண்டு? சூட்டுக்காக.

சீலிங் ஃபேனைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு ஹப் மோட்டார் பழகிய பொருள்தான். நடுவில் செம்புக் காயில் அசையாமல் நிற்கும், வெளிக்கூடு சுற்றும். இப்போது வரும் பிஎல்டிசி (பிரஷ்லெஸ்) ஃபேன் இன்னும் நெருங்கிய உறவு. அதன் கூட்டின் உட்புறம் நிலைக்காந்தங்கள் ஒட்டியிருக்கும். இறக்கை இருக்கும் இடத்தில் ஸ்போக்ஸ் கம்பி கோத்தால் சைக்கிள் மோட்டார். பழைய மோட்டார்களில் மின்னோட்டத்தின் திசையை மாற்றிவிட கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே இருக்கும். அது தேயும், பொறி பறக்கும். பிரஷ்லெஸ் மோட்டாரில் அந்த வேலையைக் கன்ட்ரோலர் என்ற மின்னணுப் பெட்டி செய்கிறது. காந்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று மூன்று ஹால் சென்சார்கள் சொல்லும். அதைப் பார்த்து ஆறு மாஸ்ஃபெட் ஸ்விட்சுகள் மூன்று காயில் தொகுதிகளுக்கும் முறை வைத்து மின்சாரம் விடும். காந்தம் எப்போதும் அடுத்த காயிலைத் துரத்திக்கொண்டே ஓடும்.

வேகத்துக்கு வரம்பு போடுவதும் இதே காந்தம்தான். சுற்றும் மோட்டார் தானே ஒரு டைனமோ. பாட்டரிக்கு எதிராக மின்னழுத்தம் உண்டாக்கும். வேகம் கூடக் கூட அதுவும் கூடி, பாட்டரியின் வோல்ட்டைத் தொட்டதும் மின்னோட்டம் நின்றுபோகும், தள்ளு விசையும் நின்றுபோகும். இரண்டாவது மோட்டாருக்கும் அதே 48 வோல்ட்தானே கிடைக்கிறது? போதாததற்குக் காற்று வேறு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்குச் சமதளத்தில் 25 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 175 வாட் போதும். 50-க்கு 1,000 வாட்டைத் தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கு, செலவு ஆறு மடங்கு.

இனி மலைக்கு வருவோம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆளும் வண்டியுமாக 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் ஓடினால் பத்து மீட்டர் உயரும் ஏற்றத்தில் 26 அங்குலச் சக்கரத்துக்குச் சுமார் 36 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். நான் எடுத்துக்கொண்டது காயிலில் 30 ஆம்பியர் ஓடினால் இவ்வளவு விசை தரும் மோட்டார். அதன் காயில் தடை 0.2 ஓம் என்றால், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும்: 180 வாட் சூடு. அதாவது ஏழு 25 வாட் சால்டரிங் அயர்ன்களை ஒரு மூடிய டப்பாவுக்குள் போட்டு, ஏறி முடிக்கும்வரை எரியவிட்ட கதை. காயிலின் வார்னிஷ் கருகும். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும்.

அதே சுமையை இரண்டு மோட்டார் பங்கிட்டால் ஆளுக்கு 15 ஆம்பியர். சூடு 45 வாட். பாதியல்ல, கால்வாசி! இரண்டையும் கூட்டினாலும் 90 வாட்தான். அதுவும் இரண்டு தனித்தனிக் கூடுகள் வழியாக வெளியேறுகிறது. இரட்டை மோட்டாரின் முழு லாபமும் இந்த வர்க்கக் கணக்கில்தான் இருக்கிறது.

இது பழைய தலைவலி. 1895-இல் அமெரிக்கரான ஆக்டன் போல்டன் பின்சக்கர ஹப் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். அது 10 வோல்ட் பாட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது. 100 ஆம்பியர் ஓடும் கம்பியில் நூறில் ஒரு ஓம் தடை இருந்தாலே 100 வாட் சூடாகப் போய்விடும். இரண்டே ஆண்டுகளில், 1897-இல், பாஸ்டன் நகரத்து ஹோசியா லிபி பெடல் அச்சிலேயே இரட்டை மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

செலவைக் குறைக்க ஒரே கன்ட்ரோலரில் இரண்டு மோட்டாரையும் இணைக்கலாமா என்று பலருக்குத் தோன்றும். கூடாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடுகிறது. இரண்டின் காந்தங்களும் ஒரே நிலையில் நிற்பதே இல்லை. ஒன்றின் சென்சாரை நம்பி மற்றதன் காயிலுக்கு மின்சாரம் விட்டால் அது தள்ளுவதற்குப் பதில் இடறும். கன்ட்ரோலர் இரண்டு, த்ராட்டில் ஒன்று, பிரேக் பிடித்தால் இரண்டுக்கும் சேர்த்து மின்சாரம் அறுபட வேண்டும். இதுதான் சரியான அமைப்பு.

பங்கு பிரிப்பதில் சமத்துவம் வேண்டாம். ஏற்றத்தில் எடை பின்னுக்குச் சாய்வதால் முன்சக்கரத்தின் பிடி தளரும். ஈரத் தார்ச்சாலையில் அது வழுக்கினால் ஹேண்டில்பார் கையை விட்டுப் போகும். முன்னுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்பது என் எண்ணம். சூட்டு லாபம் கொஞ்சம் குறையும், பல் தப்பும்.

ஆனால் வீட்டில் வண்டி கட்டுபவர்களை உண்மையில் கவிழ்ப்பது மின்சாரமே அல்ல, சக்கரத்தின் நடு அச்சான ஆக்சில்தான். சக்கரத்தை முன்னே தள்ளும் அதே விசை ஆக்சிலைப் பின்னோக்கித் திருகும். ஆக்சிலின் தட்டைப் பக்கங்களுக்கு இடையே இருப்பது 10 மில்லிமீட்டர். 36 நியூட்டன் மீட்டரை அதற்குள் அடக்கினால், ஆக்சில் உட்காரும் ஃபோர்க் பிளவின் உதட்டில் கிட்டத்தட்ட 360 கிலோ எடை அழுத்துகிறது. என் முதல் வண்டியில் நட்டை இறுக்கியதோடு சரி என்று விட்டேன். இரண்டாம் நாள் ஆக்சில் உள்ளேயே சுழன்று, காயிலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் மூன்று ஃபேஸ் வயரையும் கயிறுபோல முறுக்கி அறுத்துவிட்டது. அது பின்சக்கரம் என்பதால் நான் தப்பித்தேன். அன்றிலிருந்து இரும்பு ஃபோர்க், இரண்டு பக்கமும் ஆக்சிலைச் சுழலவிடாமல் பிடிக்கும், டார்க் ஆர்ம் என்று அழைக்கப்படும் எஃகுப் பட்டை. அலுமினிய ஃபோர்க் வளையாது, சட்டென்று உடையும்.

பாட்டரியிலும் அதே பங்கீடுதான். தொடராக 13 லித்தியம் செல், இணையாக ஐந்து வரிசை, மொத்தம் 65. இரண்டு கன்ட்ரோலரும் ஆளுக்கு 20 ஆம்பியர் இழுத்தால் ஒவ்வொரு செல்லுக்கும் 8 ஆம்பியர். 10 ஆம்பியர் தாங்கும் செல்லாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இந்தியாவில் பதிவில்லாமல் ஓட்ட 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருக்க வேண்டும். இந்த வண்டி அதற்குள் அடங்காது. பொதுச்சாலைக்குக் கொண்டுவருமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கத்துக்கு உள்ளே பற்சக்கரமும் ஃப்ரீவீலும் கொண்ட சின்ன மோட்டாரே நல்லது. மின்சாரம் இல்லாதபோது அது சும்மா உருளும், காந்தம் பிடித்து இழுக்காது. அதற்குத் தனி ஸ்விட்ச் ஒன்று ஹேண்டில்பாரில் வைத்திருக்கிறேன். சமதளத்தில் அதைத் தொடுவதே இல்லை.