குத்தைவிட விழுவதுதான் ஆபத்து: ஐஸ் ஹாக்கிச் சண்டைகளும் தலைக்காயமும்

ஐஸ் ஹாக்கியில் இருவர் கையுறைகளை உதறியதும் அரங்கமே எழுந்து நிற்கும். எல்லார் கண்ணும் குத்துகிற கையின் மீதுதான். விளையாட்டுக் காயங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்களின் கண் போவது வேறு இடங்களுக்கு: ஹெல்மெட்டின் தாடைப்பட்டை கழன்றிருக்கிறதா, பின்னந்தலை எந்தப் பக்கம் சாய்கிறது.

குத்துச்சண்டை வீரருக்கு விசை தரையிலிருந்து வருகிறது. பாதம் ஊன்றி, இடுப்பு திரும்பி, தோள் வழியாக அது கைக்கு ஏறும். ஸ்கேட்டின் கத்தி விளிம்பில் நிற்பவருக்கு அப்படி ஊன்ற இடமில்லை. அதனால்தான் ஒரு கையால் எதிராளியின் ஜெர்சியைக் கொத்தாகப் பிடித்து, அவரையே தூணாக்கிக்கொண்டு மறு கையால் குத்துகிறார்கள். பாதிக் குத்துகள் ஹெல்மெட்டிலும் தோள் கவசத்திலும் வீணாகும். பிடி நழுவும்போதுதான் வினை. இருவரும் சேர்ந்தே சாய்வார்கள். கைகள் ஜெர்சிக்குள் சிக்கியிருப்பதால் கீழே இருப்பவரால் ஊன்றிக்கொள்ள முடியாது. குத்து வாங்கி அரை நினைவில் இருந்தால் கழுத்துத் தசையும் தளர்ந்துவிடும். மேலே விழுகிறவரின் எடையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பின்னந்தலை பனியில் மோதும்.

கனடாவின் ஒன்டாரியோவில் விட்பி டன்லப்ஸ் அணிக்கு ஆடிய டான் சாண்டர்சனுக்கு 2008 டிசம்பரில் நடந்தது இதுதான். சண்டையின் நடுவே ஹெல்மெட் கழன்றது, தலை பனியில் மோதியது. 2009 ஜனவரி 2 அன்று, 21 வயதில் இறந்தார். பெரிய லீக் அல்ல. உள்ளூர் சீனியர் லீக். ஹெல்மெட்டைத் தானே கழற்றிவிட்டுச் சண்டைக்குப் போகிறவருக்குக் கூடுதலாக 2 நிமிடம் பெனால்டி (ஆடாமல் வெளியே உட்காரும் தண்டனை) என்று வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்எச்எல் விதி கொண்டுவந்தது 2013-14 பருவத்தில்தான். அந்தப் பருவத்தின் முதல் நாளே மான்ட்ரியால் அணியின் ஜார்ஜ் பாரஸ் ஒரு சண்டையில் நிலை தவறி முகங்குப்புற விழுந்து, மூளை அதிர்ச்சியோடு ஸ்ட்ரெச்சரில் போனார். அவரே 2017 முதல் என்எச்எல்லின் வீரர் பாதுகாப்புத் துறைக்குத் தலைவர் என்பது வேடிக்கையான திருப்பம்.

துணை நடுவர்களான லைன்ஸ்மன்கள் ஏன் உடனே விலக்குவதில்லை என்று பார்வையாளர்கள் கோபப்படுவதுண்டு. பாதியில் புகுந்து ஒருவரின் கையைப் பிடித்தால் மற்றவருக்கு இலவசமாக ஒரு குத்து கிடைத்துவிடும். ஒருவர் விழும்வரை, அல்லது இருவரும் களைக்கும்வரை காத்திருப்பது அதனால்தான். ஜெர்சியின் பின்புறம் உள்ளே காற்சட்டையோடு மாட்டுவதற்கு ஒரு பட்டை இருக்கும். ஜெர்சி தலைக்கு மேல் ஏறிவிட்டால் கண்ணும் தெரியாது, கையும் எழாது. அந்தப் பட்டையைக் கட்டாமல் சண்டை போட்டு ஜெர்சி முழுவதும் கழன்றால் என்எச்எல்லில் ஆட்டத்தை விட்டே வெளியேற்றுவார்கள்.

'என்ஃபோர்சர்' எனப்படும் அடியாள் வீரர்கள் உருவாவது பெரும்பாலும் சிறிய லீக்குகளில்தான். நல்ல உயரம், சுமாரான ஸ்கேட்டிங், கோல் அடிக்கும் திறன் குறைவு. இப்படிப்பட்ட இருபது வயதுப் பையனுக்கு மேலே ஏற ஒரே ஏணி முஷ்டி என்று ஆகிவிடுகிறது. டெரெக் பூகார்ட் அந்த வழியில் வந்தவர்: கனடாவின் ஜூனியர் லீக், பிறகு ஈசிஎச்எல் என்ற சிறிய லீக், பிறகு என்எச்எல்லுக்கு அடுத்த படியான ஏஎச்எல்லில் ஹூஸ்டன் அணி, கடைசியில் என்எச்எல்லின் மினசோட்டா, நியூயார்க் அணிகள். என்எச்எல்லில் 277 ஆட்டங்களில் மூன்றே கோல்கள். 2011 மே மாதம் மதுவும் ஆக்ஸிகோடோன் என்ற வலி மாத்திரையும் சேர்ந்து, 28 வயதில் இறந்தார். தொடர்ந்து அடிபடும் மூளையில் வரும் சிடிஇ என்ற சிதைவு, அந்த வயதுக்கு மிக முற்றிய நிலையில் அவர் மூளையில் இருந்ததாக பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

திறமை இருந்தும் தப்பாதவர்களும் உண்டு. டெட்ராய்ட் அணியின் பாப் ப்ரோபர்ட் 1987-88 பருவத்தில் 398 நிமிடம் பெனால்டி பெற்றார். அதே பருவத்தில் 29 கோல் அடித்து சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார். 2010இல் 45 வயதில் மாரடைப்பில் இறந்த பிறகு அவர் மூளையிலும் சிடிஇ தெரிந்தது. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, 50 அல்லது அதற்கு மேல் சண்டைகள் போட்ட என்எச்எல் வீரர்களை அவர்களைப் போன்ற மற்ற வீரர்களோடு ஒப்பிட்டது. இறந்தவர்களின் எண்ணிக்கை பெரிதாக வேறுபடவில்லை. ஆனால் சண்டைக்காரர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாகவே இறந்திருந்தார்கள். அளவுமீறிய மருந்தும் தற்கொலையும் அதிகம். இதில் மூளைக்கு எவ்வளவு பங்கு, வாழ்ந்த விதத்துக்கு எவ்வளவு பங்கு என்று அந்த எண்களை வைத்துப் பிரிக்க முடியாது.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெல்மெட்டில் குத்தினால் சுண்டுவிரலுக்குக் கீழேயுள்ள எலும்பு முறியும். சில நாட்களில் வீக்கம் வடியும், ஆனால் அந்த விரலின் முட்டி உள்ளே அமிழ்ந்தே இருக்கும். இன்னும் மோசமானது முட்டியில் பல் பட்ட சின்னக் கீறல். அரை சென்டிமீட்டர்கூட இராது. குத்தும்போது விரல் மடங்கியிருந்ததால், கை விரிந்ததும் காயத்தின் வாய் தோலுக்கடியில் மறைந்துவிடும், வாய்க்கிருமிகள் மூட்டுக்குள் தங்கிவிடும். இதைத் தையல் போட்டு மூடக் கூடாது. நன்றாகக் கழுவி, எக்ஸ்ரே எடுத்து, அன்றே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டவர்களுக்கு மூட்டையே திறந்து கழுவ நேரிடும்.

விதிகள் மெல்ல மாறுகின்றன. என்எச்எல்லில் சண்டைக்கு அடிப்படைத் தண்டனை இன்னும் 5 நிமிடம் பெனால்டிதான். ஏஎச்எல்லில் ஒரு பருவத்தில் பத்தாவது சண்டையிலிருந்து தடை விழும். ஒன்டாரியோ ஜூனியர் லீக் 2012இல் பத்து என்று வைத்த வரம்பை 2016இல் மூன்றாகக் குறைத்தது. கியூபெக் ஜூனியர் லீக் 2023-24 முதல் சண்டை போட்டவரை அந்த ஆட்டத்திலிருந்தே வெளியேற்றுகிறது. பதினாறு வயதுப் பையன்கள் ஆடும் லீக்குகள் இதற்கு இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டதற்கு நியாயம் எதுவும் இல்லை.

டொராண்டோ, ஸ்கார்பரோ பக்கம் பிள்ளைகளை ஹாக்கிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்குச் சில விஷயங்கள். சண்டையோ, மோதலோ, தலைக்காயம் ஒன்றுதான். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. தாடைப்பட்டைக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம் போதும். அதற்கு மேல் தளர்ந்தால் விழும்போது கழன்றுவிடும். மயங்கிக் கிடக்கும் வீரரின் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். தோள் கவசம் முதுகை உயர்த்தியிருக்கும். ஹெல்மெட்டை மட்டும் எடுத்தால் தலை பின்னால் தொங்கிக் கழுத்து வளையும். தலையை இருபுறமும் அசையாமல் பிடித்துக்கொண்டு 911ஐ அழையுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, ஒரு பக்கக் கை கால் பலவீனம், வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் இருந்தாலும் 911ஐ அழையுங்கள்.

கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி, என்று சந்தேகம் வந்தாலே அன்றைய ஆட்டம் முடிந்தது. 'ஓகேதான்' என்று பையன் சொல்வது கணக்கில் இல்லை. விளையாட்டில் கன்கஷன் பாதுகாப்புக்கான ஒன்டாரியோவின் ரோவன் சட்டம் இதையே சொல்கிறது. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, ஆனால் இருட்டறையில் அடைத்து வைக்க வேண்டாம். மெதுவான நடை நல்லது. பிறகு ஆறு படிகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம்: அன்றாட வேலை, லேசான உடற்பயிற்சி, தனியாக ஸ்கேட்டிங், மோதலில்லாப் பயிற்சி, மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே மோதலுள்ள பயிற்சி, கடைசியாக ஆட்டம். நடுவில் தலைவலி கூடினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். பிள்ளைகளுக்கு நான்கு வாரம் ஆகலாம். பிளே ஆஃப் ஆட்டம் அதற்குள் வந்தால் அவர் காலரியில் உட்கார்ந்து பார்ப்பார்.