மண்ணெண்ணெய்த் தகரமும் சின்னக் கோச்சியும்

கிளிநொச்சியில் என் ஸ்ரூடியோவுக்குக் கலியாணப் படம் எடுக்க வருகிறவர்களைவிடப் பழைய படத்தைத் திருத்தக் கொண்டு வருகிறவர்கள்தான் சில மாதங்களில் கூட. ஷொப்பிங் பையிலும் உரப்பையிலும் கட்டி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் தூக்கித் திரிந்து மிச்சம் பிடித்த படங்கள். வருசத்துக்கு நாலைந்து படத்திலாவது ஒரு எஞ்சின் நிற்கும். "தாத்தா ரெயில்வேயில இருந்தவர்" என்று சொல்லித்தான் தருவார்கள். பல நேரம் அது அரசாங்க ரெயில்வேயாக இருக்காது. சில நேரம் அது ரெயிலாகவே இருக்காது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1990 முதல் 2013 வரை கிளிநொச்சிக்கு ரெயிலே வரவில்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் போரில் பங்கருக்குப் போய்விட்டன. அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குச் சக்கரமும் புகைபோக்கியும் உள்ள எல்லாமே யாழ்தேவிதான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் அந்த ரெயில் ஓடத் தொடங்கியது 1956இல். அதற்கு முந்தைய படத்தின் பின்பக்கம்கூட 'யாழ்தேவி' என்று பேனாவால் எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அதிகமாக ஏமாற்றுவது ஸ்ரீம் ரோலர், நீராவியில் ஓடி றோட்டை அமுக்குகிற உருளை வண்டி. றோட்டுப் போட வந்த ரோலருக்கு முன்னால் நின்று யாரோ படம் எடுத்திருப்பார்கள். பிறகு பிரேமுக்கு அளவாகக் கீழ்ப்பகுதியை வெட்டியிருப்பார்கள். உருளை போய்விட்டது, புகைபோக்கியும் கொதிகலனும் மட்டும் மிச்சம். பார்த்தால் கோச்சி, அதாவது ரெயில், மாதிரியே இருக்கும். பக்கவாட்டில் பெரிய சுழல்சக்கரம் வெளியே தெரிந்தால் அது பெரும்பாலும் றோட்டு எஞ்சின், அல்லது மில்லில் நின்ற எஞ்சின். முன்னங்கால் தூக்கிய குதிரைச் சின்னம் ஒன்று முன்பக்கம் இருந்தால் சந்தேகம் கிட்டத்தட்டத் தீர்ந்தது. அது அனேகமாக ஏவ்லிங் அண்ட் போர்ட்டர் என்ற ஆங்கிலேயக் கம்பனியின் ரோலர்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். போன மாரிக்கு ஒரு அம்மா வந்தார். 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். உள்ளங்கை அளவு படம். சின்ன எஞ்சின் ஒன்று, அதில் கை வைத்தபடி அவருடைய அப்பா, இருக்கையில் இன்னொருவர். "அவிசாவளைக் கோச்சி தம்பி. அப்பாவைத் தெளிவாக்கித் தாங்க, அது போதும்" என்றார்.

அவிசாவளைப் பக்கம் போன களனிவெளிப் பாதை சின்னப் பாதைதான். இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 762 மில்லிமீற்றர். 1990களில்தான் அதை அகலப் பாதையாக மாற்றினார்கள். நம்முடைய வடக்குப் பாதை 1676, ஒரு ஆள் உயரத்துக்குக் கிட்ட. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை இல்லை, அது நிற்கிற பாதையின் அகலத்தை. படத்தில் அளவுகோல் இருக்காது, ஆனால் அளவு தெரிந்த ஏதோ ஒன்று அனேகமாக இருக்கும். இந்தப் படத்தில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு பழைய நாலு கலன் மண்ணெண்ணெய்த் தகரம் இருந்தது. அந்தத் தகரம் கிட்டத்தட்ட 35 சென்ரிமீற்றர் உயரம். திரையில் பெரிதாக்கி, தகரம் இருந்த இடத்திலேயே குறுக்கே அளந்தேன். அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். பின்னால் நிற்கும் எஞ்சினுக்குக் கீழே அளந்தால் தூரம் கணக்கைக் கெடுத்துவிடும். களனிவெளிப் பாதை என்றால் இரண்டு தகரத்துக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். வந்தது ஒன்றேமுக்கால் தகரம். அதாவது இரண்டு அடி, சுமார் 60 சென்ரிமீற்றர். கல்லுடைக்கிற இடம், தோட்டம், தொழிற்சாலை என்று தனியார் போட்டுக்கொண்ட பாதைகளில் சாதாரணமாகக் காணும் அகலம் அது.

பிறகுதான் எஞ்சினைப் பார்த்தேன். புகைபோக்கி இல்லை. புகைபோக்கி இல்லாத எஞ்சினில் இரண்டு மூன்று வகை உண்டு. தீப்பொறி பட்டால் ஆபத்தான ஆலைகளில் நெருப்பே இல்லாத நீராவி எஞ்சின் வைத்திருந்தார்கள். ஆலையின் கொதிகலனில் இருந்து நீராவியை நிரப்பிக்கொண்டு, அது தீரும் வரை ஓடும். அதற்குப் பெரிய உருண்டைத் தாங்கி இருக்கும், சிலிண்டர் அனேகமாக ஓட்டுநரின் காலடியில் இருக்கும். இதில் தாங்கியும் இல்லை, சிலிண்டரும் இல்லை. தாழ்ந்த இரும்புப் பெட்டி ஒன்று, வில் போல வளைந்த அடிச்சட்டம், அப்புறம் அந்த இருக்கை. அதில் இருந்தவர் முன்னால் பார்க்கவில்லை, பாதைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் திரும்பி இருந்தார். படத்துக்காகத் திரும்பினாரோ என்று முதலில் நினைத்தேன். இல்லை, இருக்கையே அப்படித்தான். திருப்ப வசதியில்லாத பாதையில் முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓட்டுவதற்காகச் செய்தது.

அது சிம்பிளெக்ஸ். இங்கிலாந்தில் பெட்ஃபோர்டில் மோட்டார் ரெயில் கம்பனி செய்த பெற்றோல் எஞ்சின் வகை. முதலாம் உலகப் போரில் பதுங்குகுழி முனைக்கு 60 சென்ரிமீற்றர் பாதையில் குண்டும் சாப்பாடும் கொண்டுபோனது. நீராவி எஞ்சின் என்றால் பகலில் புகை காட்டிக் கொடுக்கும், இரவில் நெருப்பு. போர் முடிந்ததும் மிஞ்சியதை விற்றுத் தள்ளினார்கள். போர்முனைக்குச் செய்த வண்டி தோட்டத்துக்கும் கல்லுக்குழிக்கும் போய் உழைத்தது. நம் ஊரில் தண்டவாளம் பங்கருக்குப் போனதை நினைத்துக்கொண்டேன்.

மன்னார்ப் பக்கத்துப் படங்களிலும் இந்த அகலக் கணக்கு உதவும். இந்தியாவுக்குப் போன கப்பலுக்கு இந்தப் பக்கம் தலைமன்னாரில் 1676, அந்தப் பக்கம் தனுஷ்கோடியில் மீற்றர் பாதை. 'தலைமன்னார் இறங்குதுறை' என்று எழுதி வந்த ஒரு படம் தனுஷ்கோடி என்று அப்படித்தான் தெரிந்தது. 1964 புயலில் அழிந்த இடம். அந்தக் குடும்பத்துக்கு அது வேறொரு படமாகிவிட்டது.

என் கையாலேயே கெட்ட படமும் உண்டு. ஓய்வுபெற்ற பள்ளிக்கூடச் சேர் ஒருவர் மலாயாவில் வேலை பார்த்த தாத்தாவின் படம் தந்தார். இறப்பர்த் தோட்டத்தில் குண்டுப் புகைபோக்கியோடு ஒரு குட்டி நீராவி எஞ்சின். அதன் பக்கத்தில் சின்னதாய் ஒரு கறை. பூஞ்சணம் என்று நினைத்துச் சுத்தமாக அழித்து, பக்கத்து நிறத்தை இழுத்து நிரப்பினேன். எஞ்சின் பளபளத்தது. சேருக்கும் சந்தோசம். புதியது வந்துவிட்டதே என்று பழையதை வீட்டில் எறிந்துவிட்டார்கள். பல மாதம் கழித்து, வேறொரு எஞ்சினின் தெளிவான படத்தில் அதே இடத்தில் அதே 'கறை'யைக் கண்டேன். அது கறை இல்லை, செய்த கம்பனியின் தகடு. கம்பனி பெயர், தொழிற்சாலை இலக்கம், செய்த ஆண்டு மூன்றும் அனேகமாக அதில்தான் இருக்கும். எஞ்சினில் பெரிதாய்ப் பூசியிருக்கும் இலக்கம் சொந்தக்காரன் போட்டது, அவன் நினைத்தால் மாற்றுவான். தகட்டில் உள்ளதுதான் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். அதை நான் அழித்துவிட்டேன். என் கணினியிலும் திருத்திய பிரதிதான் கிடந்தது.

இப்போது வருகிற செயலிகள் என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக இந்தப் பிழையைச் செய்கின்றன. மங்கலான 3ஐ 8 ஆக்கும், இல்லாத ஆணியை வரிசையாய் அடிக்கும். முகத்துக்குச் சரி, இலக்கத்துக்கு வேண்டாம். ஆகவே என்னிடமோ வேறு யாரிடமோ படம் கொடுக்கிறவர்கள், வட்ஸ்அப்பில் அனுப்பாமல் அசலைக் கொண்டு வாருங்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே கொண்டு வாருங்கள், கண்ணாடிக்கு மேலாலேயே எடுக்கலாம். ஓரத்தை வெட்ட வேண்டாம். பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். திருத்தியது எவ்வளவு வடிவாக இருந்தாலும் பழையதை எறியாதீர்கள். படம் இடம் வலமாக மாறி அச்சாகியிருக்கிறதா என்பதையும் ஒருக்கால் பாருங்கள். சேர்ட்டுப் பொக்கெற் போட்டிருப்பவரின் வலப்பக்கம் இருந்தால் சந்தேகப்படலாம்.

அந்த அம்மா திருத்திய படத்தை வாங்கிப்போக வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். தகரம், ஒன்றேமுக்கால், பக்கவாட்டு இருக்கை. பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அது கோச்சி இல்லையா தம்பி?"

"கோச்சிதான் அம்மா. கரி போடாத கோச்சி. பெற்றோலில் ஓடினது."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதான். வேலை முடிஞ்சு வந்தா அப்பா மேல பெற்றோல் நாத்தந்தான் அடிக்கும். குளிக்காம அடுப்புப் பக்கம் வர அம்மா விடவே மாட்டாங்க."

முதல் நாளே கேட்டிருக்கலாம். நான்தான் இரண்டு இரவு தகரத்தை அளந்துகொண்டிருந்தேன்.