ட்ரையத்லான் சைக்கிள்ல கியர் ஏன் கம்பி நுனியில இருக்கு?

ரோடு பைக்ல பிரேக்கும் கியரும் ஒரே லீவர்ல இருக்கும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டிக்கான பைக்ல ரெண்டும் தனித்தனி. அகலமா விரிஞ்சிருக்கிற ஹேண்டில் கம்பியான பேஸ் பார்ல பிரேக், நடுவுல முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற ரெண்டு ஏரோபார் கம்பி நுனியில கியர் மாத்துற ஷிஃப்டர்.

எல்லாம் காத்து பண்ற வேலை. சமதரையில வேகமா போகும்போது நம்ம பலத்துல பெரும்பங்கு காத்தை தள்ளத்தான் செலவாகுது, வேகம் ரெட்டிப்பானா அதுக்கு வேண்டிய பவர் எட்டு மடங்கு. 1989 டூர் டி பிரான்ஸ்ல கடைசி நாள் தொடங்குறப்போ 50 செகண்ட் பின்தங்கி இருந்த கிரெக் லெமாண்ட், அன்னைக்கு ஒவ்வொருத்தரா தனியா ஓட்டுற டைம் ட்ரையல்ல ஏரோபார்ல குனிஞ்சே ஓட்டி மொத்தத்துல 8 செகண்ட்ல ஜெயிச்சாரு. அயர்ன்மேன்ங்கிற நீண்ட ட்ரையத்லான்ல சைக்கிள் மட்டும் 180 கிலோமீட்டர், முடிஞ்ச வரைக்கும் அதே குனிவுதான். கியர் மாத்த ஒவ்வொரு தடவையும் கையை எடுத்தா காத்துக்கு நெஞ்சை நிமித்தி காட்டின மாதிரி ஆயிடும், ஹேண்டிலும் ஆடும்.

சரி, நுனிக்கு கொண்டு போயாச்சு, அங்கதான் தலைவலி ஆரம்பம். நுனியில இருந்து கேபிள் ஏரோபார் உள்ள போய், வளைஞ்சு, ஃப்ரேமுக்குள்ள நுழைஞ்சு, திரும்ப வளைஞ்சு பின்சக்கரம் வரைக்கும் போகணும். கயிறை தூண்ல ரெண்டு சுத்து சுத்தினா ஒத்த கையால படகையே பிடிச்சு நிறுத்தலாம்ல, கேபிளுக்கும் அதே கணக்குதான், மொத்தம் எத்தனை டிகிரி வளையுதோ அதுக்கேத்த மாதிரி உராய்வு மடங்கு மடங்கா ஏறும். உராய்வு குணகம் 0.1ன்னு வச்சுக்கிட்டா 180 டிகிரிக்கு இழுவை சுமார் 1.4 மடங்கு, 360 டிகிரிக்கு கிட்டத்தட்ட 1.9 மடங்கு. ஷிமானோ கம்பெனியோட ரோடு 11 ஸ்பீட்ல (பின்னாடி 11 பல்சக்கரம்) ஒரு கிளிக்குக்கு கேபிள் நகர்றதே சுமார் 2.7 மில்லிமீட்டர்தான், அதுல கொஞ்சம் சிக்கினாலும் கியர் சரியா உக்காராது.

இதை கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருக்கு. பெரிய பல்சக்கரத்துக்கு ஏத்துறப்போ கேபிளை இழுக்கிறது நம்ம கை, சின்னதுக்கு இறக்குறப்போ இழுக்கிறது டீரெய்லர்ல (செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு தள்ளுற கருவி) இருக்கிற ஸ்பிரிங். ஏத்தம் கச்சிதமா இருந்து இறக்கம் மட்டும் சோம்பலா இருந்தா கேபிள் இறுக்கத்தை மாத்துற அட்ஜஸ்டரை திருகிக்கிட்டே இருக்காதீங்க, கேபிள் எங்கேயோ சிக்குது. ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி பாருங்க, அப்போ பின்னாடி டீரெய்லர் அசைஞ்சா கேபிளோட வெளி உறையான ஹவுசிங் நீளம் பத்தலைன்னு அர்த்தம். பிரேக் ஹவுசிங்கை மிச்சம் பிடிக்க இங்க போடவே கூடாது, சுருள் கம்பியில செஞ்சது, அழுத்தத்துல சுருங்கும்.

ஏரோபார் நீளம்? முழங்கையை ஏரோபார் மேல இருக்கிற பேட்ல ஊன்றி, கையை தளர்வா விட்டு, கட்டைவிரல் தானா எங்க விழுதோ அங்க ஷிஃப்டர் வரணும். எட்டிப் பிடிக்கிற மாதிரி இருந்தா தோள்பட்டை ஒரு மணி நேரத்துல சொல்லிடும். ஏரோபார் கம்பியை வெட்டுறப்போ கொஞ்சம் மிச்சம் விட்டு வெட்டுங்க, அப்புறமா குறைச்சுக்கலாம், கூட்ட முடியாது. பழைய லீவர் வகையில கியருக்கு ஏத்தபடி லீவர் ஒவ்வொரு கோணத்துல நிக்கும். ஸ்ராம் கம்பெனியோட ஆர்2சி ஷிஃப்டர் மாதிரி கிளிக் பண்ணினதும் நடுவுக்கே திரும்புறது விரலுக்கு ரொம்ப சௌகரியம்.

எலக்ட்ரானிக் கியர் வந்ததும் வளைவு கணக்கே போச்சு, ஒயர்ல போறது சிக்னல்தானே. அதனால ஒரே கியருக்கு ரெண்டு இடத்துல பட்டன் வைக்கலாம், ஏரோபார்ல ஒண்ணு, பிரேக் பக்கத்துல ஒண்ணு. என்னைக் கேட்டா கியர் மாறுற வேகத்தை விட இதுதான் பெரிய லாபம், ஏன்னா மேட்டுலயும் திருப்பத்துலயும் கை பேஸ் பார்லதான் இருக்கும், கேபிள்ல ஓடுற மெக்கானிக்கல்ல சரியா அப்பத்தான் கியர் எட்டாது. ஸ்ராமோட எலக்ட்ரானிக் கியரான ஈடாப்ல வலது பட்டன் கடினமான கியர், இடது லேசான கியர், ரெண்டையும் சேத்து அமுக்கினா பெடல் பக்கத்துல இருக்கிற முன் பல்சக்கரம் (செயின்ரிங்) மாறும். நீச்சல் முடிச்சு விறைச்ச விரலோட ஏறினாலும் இவ்வளவுதான்னா குழப்பம் வராது.

மக்கர் பண்றதும் வேற வேற மாதிரி. பின் டீரெய்லர் கேபிள் அறுந்தா ஸ்பிரிங் செயினை சின்ன பல்சக்கரத்துக்கு தள்ளிடும், மேடு முழுக்க கனமான கியர்ல மிதிக்கணும். ஷிமானோவோட எலக்ட்ரானிக் கியரான டிஐ2ல பேட்டரி தீர்ந்துக்கிட்டு வந்தா முதல்ல முன் டீரெய்லர் நிக்கும், பின்னாடி இன்னும் கொஞ்ச நேரம் ஓடும், வீடு சேர அது போதும்.