மாலை 5 மணிக்கு ஒரே வாக்கெடுப்பு: ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் எப்படி இயங்குகிறது?

எடின்பரோவின் பழைய நகரத் தெருவான ராயல் மைல் சரிந்து இறங்கி முடியும் இடத்தில், ஹோலிரூட் அரண்மனைக்கு எதிரே, ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இருக்கிறது. அவை கூடும் ஒவ்வொரு நாளும் காலையில் அங்கே அலுவல் இதழ் ஒன்று வெளியாகிறது. எந்தக் குழு எந்த அறையில் எத்தனை மணிக்குக் கூடும், பிற்பகலில் எந்தத் தீர்மானம் விவாதத்துக்கு வரும், அதற்கு யார் யார் திருத்தம் கொடுத்திருக்கிறார்கள், எந்த உறுப்பினர் எந்த அமைச்சரிடம் என்ன கேட்டிருக்கிறார் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அந்த நிரலின் கடைசிப் பகுதியில், பெரும்பாலான நாட்களில் மாறாமல் வரும் ஒரு வரி உண்டு: மாலை 5 மணி, முடிவு நேரம். அன்றைய விவாதங்கள் அனைத்தின் மீதான வாக்கெடுப்பும் அந்த ஒரே வேளையில் நடக்கிறது. இந்த ஒரு வரி எதனால் அங்கே இருக்கிறது என்று புரிந்துகொண்டால், அந்த அவையின் அமைப்பு முழுவதும் பிடிபட்டுவிடும் என்பது என் கருத்து.

முதலில் அதன் பிறப்பைச் சொல்ல வேண்டும். 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றிணைந்தபோது ஸ்காட்லாந்தின் பழைய நாடாளுமன்றம் கலைந்தது. 1997 செப்டம்பர் 11 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் ஒப்புதல் அளித்த பிறகு, லண்டன் நாடாளுமன்றம் இயற்றிய 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டத்தின் வழியாகப் புதிய அவை உருவாயிற்று. 1999 மே 12 அன்று முதன்முதலாகக் கூடி, ஜூலை 1 அன்று முழு அதிகாரம் பெற்றது. ஆகவே இது தானாக இறையாண்மை கொண்ட அவை அல்ல. மேலே உள்ள ஒரு நாடாளுமன்றம் பகிர்ந்தளித்த அதிகாரத்தைக் கொண்டு இயங்கும் அவை. அந்தப் பகிர்வு செய்யப்பட்ட முறை கவனிக்கத்தக்கது. எடின்பரோவுக்கு எவையெல்லாம் உண்டு என்று சட்டம் பட்டியல் போடவில்லை. வெளியுறவு, பாதுகாப்பு, நாணயம், குடிவரவு, ஒலி ஒளிபரப்பு முதலியவை லண்டனுக்கு ஒதுக்கப்பட்டவை என்று மட்டும் பட்டியலிட்டு, எஞ்சியதை எல்லாம் எடின்பரோவிடம் விட்டுவிட்டது. மருத்துவம், பள்ளிக்கல்வி, நீதிமன்றங்கள், காவல், உள்ளாட்சி, வேளாண்மை, வனம் என்று அன்றாட வாழ்வைத் தொடும் பெரும்பகுதி இப்படித்தான் அந்த அவைக்கு வந்து சேர்ந்தது. எல்லையைத் தாண்டி இயற்றப்படும் எந்தப் பிரிவும் சட்டமே ஆகாது என்று அதே சட்டம் கூறுவதால், சட்ட முன்வடிவு அறிமுகமாகும்போதே அது அவையின் அதிகாரத்துக்கு உட்பட்டதா என்று அவைத்தலைவர் எழுத்தில் தம் கருத்தைத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

உறுப்பினர்கள் 129 பேர். 73 பேர் தொகுதிகளிலிருந்து நேரடியாக வருகிறார்கள். மீதி 56 பேர், மண்டலத்துக்கு ஏழு பேராக எட்டு மண்டலங்களிலிருந்து கட்சிப் பட்டியல் வழியாக வருகிறார்கள். தொகுதிகளில் பெற்ற வெற்றியையும் கணக்கில் கொண்டு இந்த 56 இடங்கள் பங்கிடப்படுவதால், ஒரே கட்சி தனிப் பெரும்பான்மை பெறுவது அரிது. மேலவை கிடையாது. ஒரு முன்வடிவில் பிழை இருந்தால் அதைத் திருப்பி அனுப்ப இரண்டாவது வாசல் இல்லை என்ற இந்த உண்மைதான் அவையின் வாரத்தையே வடிவமைத்திருக்கிறது: செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாட்களும் காலையில் குழுக்கள், பிற்பகலில் முழு அவை. திங்களும் வெள்ளியும் பெரும்பாலும் தொகுதிக்கு உரியவை.

இந்த நேரத்தைப் பங்கிடுவது யார்? நம் சட்டமன்றங்களில் அலுவல் ஆய்வுக் குழு என்று சொல்வதை ஒத்த ஒரு குழு அங்கே உண்டு. அவைத்தலைவர் அதற்குத் தலைமை தாங்குவார். ஐந்து உறுப்பினர்களாவது கொண்ட ஒவ்வொரு கட்சியிலிருந்தும் ஒருவர் இடம்பெறுவார். அக்குழுவில் வாக்கெடுப்பு வந்தால், ஒவ்வொருவருடைய வாக்குக்கும் அவர் கட்சியின் உறுப்பினர் எண்ணிக்கையே எடை. ஆயினும் அக்குழு முன்மொழியும் நிகழ்ச்சி நிரலை முழு அவை தீர்மானமாக ஏற்றால்தான் அது செல்லும். ஆண்டொன்றுக்கு 16 அரைநாட்கள் ஆட்சியில் இல்லாத கட்சிகள் தேர்ந்தெடுக்கும் பொருளுக்கும், 12 அரைநாட்கள் குழுக்களின் அலுவலுக்கும் என்று அவை விதிகளே எழுதிவைத்திருக்கின்றன. எதிர்க்கட்சிக்கு நேரம் கொடுப்பதை ஆளுங்கட்சியின் பெருந்தன்மைக்கு விட்டுவிடாமல் விதியாக்கியது, இந்த அவையை வடிவமைத்தவர்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

உண்மையான வேலை நடப்பது காலை நேரக் குழு அறைகளில்தான். குதிரைலாட வடிவ மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் அளவில் அமர்ந்திருப்பார்கள். சாட்சியம் சொல்ல வந்த மருத்துவர், விவசாயி, அரசு அதிகாரி ஆகியோர் அவர்களுக்கு எதிரே. முன்வடிவு ஒன்று வந்தால் முதல் நிலையில் அதன் அடிப்படைக் கோட்பாடு சரிதானா என்று அந்தத் துறைக்கான குழு சாட்சியம் கேட்டு அறிக்கை தரும். அதன் மேல் முழு அவை வாக்களிக்கும். இரண்டாம் நிலையில் அதே குழு முன்வடிவை வரிவரியாக எடுத்துத் திருத்தும். மூன்றாம் நிலையில் முழு அவை கடைசித் திருத்தங்களை முடித்து, ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிக்கும். அமைச்சகங்கள் கொண்டுவரும் விதிகளும் ஆணைகளும்கூட இக்குழுக்களின் கையில்தான் வருகின்றன. அவற்றுள் பல, 40 நாட்களுக்குள் அவை ரத்து செய்யாவிட்டால் தொடர்ந்து நடைமுறையில் இருக்கும் வகையைச் சேர்ந்தவை. செய்தித்தாள்கள் இவற்றைக் கண்டுகொள்வதே இல்லை என்றாலும், ஒருவருடைய உதவித்தொகை எவ்வளவு, ஒரு மீனவர் எந்தக் கடற்பகுதியில் வலை வீசலாம் என்பன போன்றவை பெரும்பாலும் இந்த விதிகளில்தான் முடிவாகின்றன.

வெளியிலிருந்து ஒரு தனிமனிதர் இந்த இயந்திரத்துக்குள் நுழைய மனுக்குழு ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. மனு கொடுக்க ஆயிரக்கணக்கான கையெழுத்துகள் தேவையில்லை. ஒரே கையெழுத்து போதும். பெண்களின் இடுப்பறை அறுவை சிகிச்சையில் பொருத்தப்பட்ட பிளாஸ்டிக் வலைகளால் கடும் வேதனைக்கு ஆளானவர்கள் 2014இல் அங்கே ஒரு மனு கொடுத்தார்கள். அவர்களே வந்து குழுவின் முன் அமர்ந்து, தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். ஆண்டுக்கணக்கில் நீண்ட விசாரணைக்குப் பிறகு, 2018இல் ஸ்காட்லாந்து அரசு அந்த வலைகளின் பயன்பாட்டை நிறுத்தியது. தனியாரிடம் பணம் கட்டி வலையை அகற்றிக்கொண்டவர்களுக்கு அந்தச் செலவைத் திருப்பித் தர 2022இல் தனிச் சட்டமே வந்தது. கையெழுத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை வைத்திருந்தால் இத்தகைய மனு எத்தனை காலம் வாசலிலேயே நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

பிற்பகலில் காட்சி மாறுகிறது. செவ்வாய்க்கிழமை அவையின் முதல் அலுவல், சமயத்தைச் சேர்ந்தவரோ சமயம் சாராதவரோ ஒருவர் நான்கு நிமிடங்களுக்கு மிகாமல் பேசும் சிந்தனை நேரம். அதன் பின் உடனடி முக்கியத்துவம் உள்ள கேள்விகள், அமைச்சர்களின் அறிக்கைகள், விவாதங்கள். வியாழக்கிழமை நண்பகல் 12 மணிக்கு முதலமைச்சர் கேள்வி நேரம் வரும். பார்வையாளர் மாடம் நிறைவது பெரும்பாலும் அப்போதுதான். ஆனால் அரசிடமிருந்து தகவலை வரவழைக்கும் கருவி என்ற வகையில், சாதாரணமாக 10 வேலைநாட்களுக்குள் விடை தரப்பட வேண்டிய எழுத்துக் கேள்வியையே நான் பெரிதாக மதிப்பேன்.

இருக்கைகள் அரைவட்டமாக 131. உறுப்பினர்களுக்கு 129 போக, மீதி இரண்டும் அரசின் சட்ட அதிகாரிகள் உறுப்பினராக இல்லாதபோதும் வந்து அமர்வதற்கானவை. ஒவ்வொரு மேசையிலும் ஒலிவாங்கியும் பேச அனுமதி கேட்கும் பொத்தானும் உண்டு. பொத்தானை அழுத்தினால் அந்தப் பெயர் அவைத்தலைவருக்கு முன்னுள்ள திரையில் தோன்றும். 'மாண்புமிகு' அடைமொழி இல்லாமல் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர் குறுக்கே கேட்க வேண்டுமானால் எழுந்து நிற்க வேண்டும். பேசுபவர் விட்டுக்கொடுத்தால்தான் கேட்கலாம். பேச்சுக்கு நான்கு அல்லது ஆறு நிமிடமே கிடைக்கும்போது விட்டுக்கொடுக்கப் பலருக்கு மனம் வருவதில்லை.

இனி அந்த 5 மணி. அவைத்தலைவர் ஒவ்வொரு தீர்மானத்தையும் அதன் எண்ணோடு வாசிப்பார். 'எஸ்6எம்' என்று தொடங்கும் எண்ணுக்கு ஆறாவது பேரவையின் தீர்மானம் என்று பொருள். "நாம் ஒப்புகிறோமா?" என்று கேட்பார். ஒரு குரலாவது "இல்லை" என்றால் வாக்கெடுப்பு. ஆம், இல்லை, நடுநிலை என்று மூன்று தெரிவுகள்; உறுப்பினர்கள் மின்னணு முறையில் வாக்களிப்பார்கள். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் தொலைவிலிருந்து வாக்களிக்கும் முறை வந்த பிறகு, கைப்பேசிச் செயலி இணையவில்லை என்றும், இணைந்திருந்தால் 'ஆம்' என்று வாக்களித்திருப்பேன் என்றும் ஓர் உறுப்பினர் எழுந்து சொல்வதும், அவர் வாக்கு பதிவாகும்படி பார்த்துக்கொள்வதாக அவைத்தலைவர் பதில் கூறுவதும் அன்றாடக் காட்சிகளாகிவிட்டன.

வரிசைமுறைக்கும் இங்கே பெரும் பொருள் உண்டு. தீர்மானத்துக்கு முன் அதன் திருத்தங்கள் மீது வாக்கெடுப்பு நடக்கும். "இன்ன சொல்லிலிருந்து இறுதிவரை நீக்கி, பின்வருவதைச் சேர்க்க" என்று ஒரு திருத்தம் இருக்குமானால், அது நிறைவேறியதும் தீர்மானத்தின் உடலே மாறிவிடும். அதே பகுதியைத் தொடும் அடுத்த திருத்தம் வாக்கெடுப்புக்கு வராமலே வீழ்ந்துவிடும். அதன் பின் திருத்தப்பட்ட வடிவத்தின் மீது இறுதி வாக்கு. அரசைப் பாராட்டி அரசே கொண்டுவந்த தீர்மானம், கடைசியில் அரசைக் கண்டிக்கும் தீர்மானமாக உருமாறி, முன்மொழிந்தவர்களே அதை எதிர்த்து வாக்களிக்கும் நிலைகூட இதனால் வரலாம்.

வாக்குகள் சமமாகப் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2009 ஜனவரி 28 நல்ல சான்று. அப்போது 47 இடங்களே கொண்ட ஸ்காட்லாந்து தேசியக் கட்சி சிறுபான்மை அரசு நடத்திக்கொண்டிருந்தது. வரவுசெலவுத் திட்ட முன்வடிவுக்குக் கன்சர்வேட்டிவ் கட்சியின் 16 பேரும் சுயேச்சை ஒருவரும் ஆதரவு தந்ததால் 64 வாக்குகள் சேர்ந்தன. தொழிற்கட்சி 46, லிபரல் ஜனநாயகக் கட்சி 16, வீடுகளுக்கு வெப்பக்காப்பு செய்யும் திட்டத்துக்கான நிதியில் நிறைவடையாத பசுமைக் கட்சியின் 2 என எதிர்ப்பக்கத்திலும் 64. அவைத்தலைவர் பதவி ஏற்கும்போதே கட்சிச் சார்பைத் துறந்துவிடுகிறார், சாதாரணமாக வாக்களிப்பதில்லை, சமநிலை வந்தால் மட்டும், இருக்கும் நிலையே தொடரும்படி வாக்களிப்பது மரபு. அன்றைய அவைத்தலைவர் அலெக்ஸ் ஃபெர்கூசன் அம்மரபின்படி எதிர்த்து வாக்களிக்க, ஒரு நாட்டின் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் வீழ்ந்தது. கட்சிகள் மீண்டும் பேசின. ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 4 அன்று, புதிய முன்வடிவு 123க்கு 2 என்ற கணக்கில் நிறைவேறியது.

பெரும்பாலான வாக்கெடுப்புகளையும் ஒரே வேளையில் வைப்பதன் பயன் வெளிப்படையானது. லண்டனில் மணி அடித்ததும் உறுப்பினர்கள் ஓடிவந்து, நடைகூடங்களில் வரிசையாக நடந்து வாக்களிக்க ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் ஆகிறது. எந்த நேரத்தில் மணி அடிக்கும் என்பதும் தெரியாது. ஹோலிரூடில் 5 மணிக்கு இருக்கையில் இருந்தால் போதும். பள்ளிக் குழந்தைகளை உடையவர்களும் உறுப்பினராக இருக்க முடிய வேண்டும் என்ற தொடக்ககால விருப்பமும் இதில் அடங்கியிருக்கிறது. அவையின் விடுமுறைகளையும் பள்ளி விடுமுறைகளைக் கருத்தில் கொண்டே அமைக்கிறார்கள். ஆனால் இழப்பும் உண்டு. மூன்று மணி நேர விவாதத்தில் ஒரு வார்த்தையும் கேட்காதவர், 5 மணிக்கு வந்து கொறடா சொன்னபடி வாக்களித்துவிட்டுப் போகலாம். பேசுவோர் பட்டியலையும் பெருமளவுக்குக் கட்சிகளே தருவதால், எழுதிவைத்த உரைகள் அடுத்தடுத்து வாசிக்கப்படும் பிற்பகல்கள் உண்டு. ஒரு பேச்சைக் கேட்டு இன்னொருவர் மனம் மாறுவதற்கு இடம் இல்லாத விவாதம் எனக்கு வருத்தம் தருகிறது. காலையில் குழு அறையில் கட்சி மறந்து பேசிய அதே மனிதர்கள் மாலையில் இப்படி இறுகிவிடுவதைப் பார்க்கும்போது அந்த வருத்தம் இன்னும் கூடுகிறது.

முடிவு நேரத்துக்குப் பிறகு பெரும்பாலோர் கலைந்துபோவார்கள். அப்போது உறுப்பினர் அலுவல் என்ற சிறு விவாதம் தொடங்கும். தொகுதியின் ரயில் நிலையமோ அரியதொரு நோயோ பொருளாக இருக்கும், வாக்கெடுப்பு கிடையாது, ஆனால் அமைச்சர் ஒருவர் கேட்டிருந்து பதில் சொல்லியே ஆக வேண்டும். இதற்கிடையில் அவைக்குறிப்பு எழுதுவோர், முறைவைத்துப் பதிவு செய்த பேச்சுகளைச் செப்பம் செய்து, முழு அவையின் நடவடிக்கையை அன்று இரவே வெளியிட்டுவிடுகிறார்கள்.

அவை நிறைவேற்றிய முன்வடிவு அன்றே சட்டமாகிவிடுவதில்லை. நான்கு வாரங்களுக்குள் சட்ட அதிகாரிகள் அதை ஐக்கிய ராச்சியத்தின் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். லண்டன் அமைச்சர், மன்னர் அளிக்கும் அரச ஒப்புதலையே தடுக்கவும் வழி உண்டு. 2022 டிசம்பரில் 86க்கு 39 என்று நிறைவேறிய, ஒருவர் சட்டப்படி தம் பாலினத்தை மாற்றிக்கொள்வதை எளிதாக்கும் பாலின அங்கீகாரச் சீர்திருத்த முன்வடிவு 2023 ஜனவரியில் அப்படித் தடுக்கப்பட்டது. அந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்டது அதுவே முதல்முறை. குழந்தைகளின் உரிமை குறித்த ஐ.நா. உடன்படிக்கையை உள்நாட்டுச் சட்டமாக்கும் முன்வடிவின் கதை வேறு. 2021 மார்ச்சில் ஓர் எதிர்ப்பு வாக்குமின்றி அது நிறைவேறியது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதன் சில பிரிவுகள் அவையின் அதிகார எல்லைக்கு வெளியே செல்கின்றன என்று தீர்ப்பளித்தது. உடன்படிக்கைக்கு இணங்கப் பொது அமைப்புகள் நடக்க வேண்டும் என்ற கடமை, லண்டன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களுக்குள் நுழையாதபடி வாசகங்களைச் சுருக்கி, மறுபரிசீலனை நிலை என்ற அரிய கட்டத்தின் வழியாக 2023 டிசம்பரில் அதை அவை மீண்டும் நிறைவேற்றியது. 2024 ஜனவரியில் அரச ஒப்புதல் கிடைத்தது. ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் வாக்கெடுப்புக்கும் அதற்கும் இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.