தேங்கும் சிறுநீரும் சிக்கலான தொற்றும்

ஐந்து மாதங்களுக்குள் நான்காவது முறையாக எரிச்சலும் காய்ச்சலுமாக வந்த ஒரு நோயாளியின் கையில் மூன்று பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தன. அறுபதைக் கடந்தவர், நீரிழிவும் உண்டு. மூன்று சீட்டிலும் வெவ்வேறு ஆன்டிபயாடிக்; ஒவ்வொன்றும் கேட்டது, நிறுத்திய சில வாரங்களில் தொற்று திரும்பியது. சிறுநீர் கழித்து முடித்தபின் ஸ்கேன் செய்து பார்த்தபோது, சிறுநீர்ப்பையில் 250 மி.லி. அப்படியே நின்றது. காரணம், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்கியது. "போய்விட்டு வந்த பிறகும் மீதி இருப்பதுபோல் தோன்றுகிறதா?" என்று அதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை, வயதானால் அப்படித்தான் என்று எண்ணி அவரும் சொல்லவில்லை.

சிறுநீர்ப் பாதைக்கு முதல் காவல் அதன் ஓட்டம்தான். உள்ளே ஏறும் கிருமிகளை ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். தேங்கினால் அவை அங்கேயே பெருகும். பெண்களின் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே உள்ளதால், வேறு குறையில்லாத இளம் பெண்ணுக்கும் சிறுநீர்ப்பையில் தொற்று வரலாம். பெரும்பாலும் சில நாள் மருந்தில் அது அடங்கிவிடும். ஆண்களுக்கு அந்தக் குழாய் சுமார் 20 செ.மீ. என்பதால், ஓர் ஆணுக்குத் தொற்று வந்தால் 'ஏன் வந்தது' என்ற கேள்வியையும் சேர்த்தே எழுப்ப வேண்டும். பாதையில் தடை இருந்தாலோ, உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தாலோ, தொற்று சிறுநீரகத்துக்கோ இரத்தத்துக்கோ ஏறியிருந்தாலோ அதைச் சிக்கலான தொற்றாகக் கருதுகிறோம்.

நீரிழிவு இதில் இரட்டை வேடம் போடுகிறது. வெள்ளை அணுக்களின் போரிடும் திறனைக் குறைப்பதோடு, பல ஆண்டுகளில் சிறுநீர்ப்பையின் நரம்புகளையும் மழுங்கச் செய்வதால், பை நிறைந்திருப்பதே நோயாளிக்குத் தெரியாமல் போகிறது. கற்களின் கதை வேறு. புரோட்டியஸ் என்னும் பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கிச் சிறுநீரைக் காரத்தன்மையாக மாற்றுவதால், தொற்றே கல்லை வளர்க்கிறது. அந்தக் கல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை மருந்து எளிதில் எட்டுவதில்லை. கல்லை முழுதாக அகற்றாமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

சிறுநீர் வடிகுழாய் பொருத்தப்பட்டவர்களுக்கு, அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேர் வீதம் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் கடந்தால் ஏறத்தாழ எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். ஆகவே 'இந்தக் குழாய் இன்றும் தேவையா' என்று நாள்தோறும் கேட்பது நல்ல மருத்துவம். ஆனால் காய்ச்சலோ வலியோ இல்லாதபோது, சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாற்றமடிக்கிறது என்பதற்காக ஆன்டிபயாடிக் கொடுப்பது பெரும்பாலும் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்ப்பதில்தான் முடியும். கர்ப்பிணிகள் இதற்கு முக்கிய விதிவிலக்கு: கருப்பையின் அழுத்தத்தாலும் ஹார்மோன்களாலும் சிறுநீரகக் குழாய்கள் தளர்ந்து விரிவதால், அறிகுறியே இல்லாத கிருமியும் சிறுநீரகம் வரை ஏறக்கூடும், அதனால் அவர்களுக்குக் கண்டறிந்து சிகிச்சை தர வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது, அடைப்பும் காய்ச்சலும் ஒன்றாக வரும் நிலையை. கல்லால் அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் கட்டினால் சில மணி நேரத்தில் இரத்தம் நச்சாகி இரத்த அழுத்தம் சரியலாம். அங்கே ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. உள்ளே ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை வைத்தோ முதுகு வழியாகக் குழாய் செலுத்தியோ அடைபட்ட சிறுநீரை உடனே வெளியேற்ற வேண்டும். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்புற வலி, வாந்தி, சிறுநீர் குறைதல், முதியவருக்குக் காய்ச்சலோடு திடீர்க் குழப்பம் ஆகியவற்றைக் கண்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கான சிறுநீரை முதல் வேளை மருந்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். வீட்டில் மிச்சமிருந்த இரண்டு மாத்திரைகளைப் போட்டுவிட்டு வருபவர்களிடம், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்ற விடை பல நேரம் கிடைக்காமலே போகிறது.

முதலில் சொன்ன நோயாளிக்குத் தொற்று அடங்கிய பின் புராஸ்டேட் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் சிறுநீர்ப்பையில் மிஞ்சியிருந்தது 30 மி.லி.